கிம்ச்சிப் பெட்டிக்குள் ஒரு வியாழக்கிழமை

பியோ கியூசொக் அடி வாங்கியே வளர்ந்தவன். அப்பாவிடம் பெல்ட், பள்ளிக்கூடத்தில் மூங்கில் பிரம்பு, பட்டாளத்தில் பூட்ஸ் கால். பூசான் துறைமுகத்து ஆண் பிள்ளைகள் எல்லாருக்கும் இந்த மூன்றும் கிடைக்கும்தான், ஆனால் இவனுக்குக் கிடைத்தது கொஞ்சம் தாராளம். பட்டாளத்தில் ஒரு சார்ஜண்ட் இவனைத் தலையைத் தரையில் ஊன்றி, கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்து, இடுப்பைத் தூக்கி நிற்க வைப்பான். கான்கிரீட் தரையில், ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம். நாற்பத்து நாலு வயதிலும் முடியை ஒதுக்கினால் நெற்றி மேட்டில் அந்தக் காய்ப்புத் தெரியும்.

அவ்வளவு அடியிலும் ஒரு தடவைகூட அவன் திருப்பி அடித்ததில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, அடிக்கிறவன் களைத்துப்போகும் வரை நிற்பான். அதைப் பொறுமை என்று நினைத்துக்கொண்டிருந்தான். பொறுமையாவது மண்ணாங்கட்டியாவது! பயம், வேறொன்றுமில்லை.

காம்சொன் துறைமுகத்தில், மீன் உறையவைக்கும் பெரிய கிடங்கு ஒன்றில் அவனுக்கு வேலை. மூன்றாவது மாடியில் சர்வர் அறை. அங்கே ஒரே இரும்புப் பெட்டிக்குள் இருபத்தாறு கணினிகள் ஓடிக்கொண்டிருந்தன. தனித்தனி உடம்பு கிடையாது, எல்லாம் மென்பொருளால் ஆனவை. குளிரைப் பார்த்துக்கொள்வது ஒன்று, லாரிகளை வரிசைப்படுத்துவது ஒன்று, கேமராக்களின் படத்தைச் சேமிப்பது ஒன்று. தினமும் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து வைக்கப்படும். எது செத்தாலும் நகலிலிருந்து அதை எழுப்பி உட்கார வைப்பது கியூசொக்கின் பிழைப்பு. எழுந்த கணினிக்குத் தான் செத்ததே தெரியாது, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடரும்.

“என் தம்பி இருக்கானே, செத்த மெஷினைக்கூட எழுப்பிடுவான்” என்று கிடங்கு முழுக்கச் சொல்லித் திரிகிற ஆள் ஒருவர் இருந்தார். தாக் முன்சு, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், ஐம்பத்திரண்டு வயது. இரண்டு பேரும் பதினொரு வருடமாக மத்தியானம் ஒரே மேசையில் பன்றிக்கறி சூப்பில் சோற்றைப் போட்டுச் சாப்பிட்டவர்கள். கியூசொக் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவான்.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, பிற்பகல் மூன்றே முக்கால் மணி. ஜப்பானிலிருந்து வந்த வியாபாரிகள் சாமான் ஏற்றும் மேடையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே முன்சுவின் வண்டி பிரேக் பிடிக்காமல் போய்ச் சுவரில் மோதியது. உறைந்த கானாங்கெளுத்திப் பெட்டிகள் நாற்பது சரிந்து உடைந்தன. வியாபாரிகளைக் குனிந்து குனிந்து வழியனுப்பிவிட்டு, முதலாளி குக் ஜொங்பில் மேடைக்குத் திரும்பி வந்தார்.

“ஏன்டா, கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு உனக்கு?”

“பிரேக் சரியில்லன்னு மூணு தடவ எழுதிக் கொடுத்தேன் முதலாளி. நீங்கதான் அப்புறம் பாத்துக்கலாம்னு…”

வாக்கியம் முடியவில்லை. முதல் அறையில் முன்சுவின் தொப்பி பறந்தது. இரண்டாவதில் உதடு கிழிந்தது. “அடிக்காதீங்க முதலாளி, நானும் ரெண்டு பிள்ளைக்கு அப்பன்” என்று அவர் கையைப் பிடித்ததுதான் தாமதம், முதலாளிக்கு வெறி ஏறிவிட்டது. மீன் பெட்டிகளை இழுக்கிற இரும்புக் கொக்கி ஒன்று பக்கத்தில் கிடந்தது. அதை எடுத்து விளாசினார். விழுந்த பிறகும் விடவில்லை. முன்சுவின் இடது கண் போனது, மண்டையில் விரிசல், வலது கை இன்றைக்கும் சரியாக மடங்காது.

குடித்துவிட்டுப் படியில் உருண்டு விழுந்தான் என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. போலீஸ் கேட்டபோது, நான் சர்வர் அறையில் இருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது என்றான் கியூசொக்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, நாலு மணிக்கு முதலாளி சர்வர் அறைக்கு வந்தார். வழக்கமாக அந்தக் குளிருக்கும் இரைச்சலுக்கும் எட்டிப்பார்க்காத மனுஷன்.

“பியோ மேனேஜர், அந்தக் கேமரா மெஷின் கெட்டுப்போச்சு, இல்ல?”

“இல்லீங்க முதலாளி, நல்லா ஓடுதுங்க.”

பளார் என்று விழுந்தது. காதுக்குள் விசில் அடித்தது.

“இப்ப?”

“கெட்டுப்போச்சுங்க.”

“பேக்கப்பு?”

“அதுவும் போச்சுங்க.”

“அப்ப அழி. நான் பாக்கணும்.”

அழித்தான். மவுஸை இரண்டு தடவை சொடுக்கினான், பெயர் மறைந்தது. நகல்கள் இருந்த பெட்டியிலும் போய் அழித்தான். விரல் நடுங்கக்கூட இல்லை. அவன் மேசைக்கு அடியில் தோல்பை இருந்தது, அந்தப் பைக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் காலையில் எல்லா நகல்களையும் ஒரு டிஸ்க்கில் ஏற்றி வீட்டுக்கு எடுத்துப்போவது அவன் வழக்கம், கிடங்கே தீப்பிடித்து எரிந்தாலும் ஒன்று மிஞ்சட்டும் என்று. முதலாளிக்கு இந்த வழக்கம் தெரியாது. இவனும் சொல்லவில்லை. வாய் திறக்காததில் ஒரே ஒரு தடவை நல்லது நடந்தது என்றால் அது அன்றைக்குத்தான்.

வீடு என்றால் மாடி. கீழே அவன் பெண்டாட்டி தோ யொன்ஹியின் தொடுகறிக் கடை. கடையின் பின்கட்டில் கிம்ச்சி ஊறுகாய் வைக்கும் பழைய குளிர்பெட்டி ஒன்று ரிப்பேராகி, அலமாரியாகிவிட்டிருந்தது. டிஸ்க்குகள் நாலும் அதற்குள்தான், துணியில் சுற்றி. வாரம் ஒன்றாகச் சுழலும், ஐந்தாம் வாரம் முதல் டிஸ்க்கை எடுத்துப்போய் அதன் மேலேயே புது நகலை எழுதுவான். ஆனால் அந்த ஐந்தாம் வாரம் வந்தபோது, கடைக்குப் போய்ப் புது டிஸ்க் ஒன்று வாங்கினான். பழையதை அப்படியே விட்டுவைத்தான். கொடுக்கவும் தைரியமில்லை, அழிக்கவும் மனசில்லை. முன்சு அண்ணனின் வியாழக்கிழமை கிம்ச்சி வாடையில் கிடந்தது.

சுசொக் என்னும் அறுவடைப் பண்டிகைக்கு நாலு நாள் முன்னால், கடையில் கூட்டம் நெரிகிற நேரத்தில், முன்சுவின் மனைவி ஓக் மிரான் உள்ளே வந்தாள். நெத்திலி வறுவல் தட்டை ஒரு தள்ளு தள்ளினாள், அது தரையெல்லாம் சிதறியது. கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற கியூசொக்கின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் சாத்தினாள்.

“அண்ணி… அண்ணி…”

“வாயில அண்ணின்னு கூப்பிடாத! நீதானேடா அழிச்ச? செத்த மெஷினை எழுப்புவானாம் தம்பி! எம் புருஷன எழுப்பினியா நீ?” அறைந்தாள். திரும்ப அறைந்தாள். “பண்டிகை முடிஞ்சு திங்கக்கிழமை அந்த லேபர் ஆபீசர் எழுதி மூடிருவாராம், குடிகாரன் விழுந்தான்னு. பொறந்ததுலேருந்து ஒரு சொட்டு தொடாத மனுஷன்டா! எம் புருஷன்கிட்ட யாரு பாத்தாங்கன்னு கேட்டா, யாருமே இல்லங்கிறாரு. ஒரு நாய்கூடவா அங்க இல்ல?”

வாங்க வந்தவர்கள் பொட்டலத்தோடு ஒதுங்கினார்கள். யொன்ஹிதான் அவளைப் பிரித்து, தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். பிறகு புருஷனைப் பின்கட்டுக்கு இழுத்துப்போய், கிம்ச்சிப் பெட்டியின் மூடியைத் தடாலென்று திறந்தாள்.

“ஹேவொன் அப்பா, நாலு டிஸ்க்கு இருக்கிற இடத்துல அஞ்சு ஏன் இருக்கு? என்ன, கிம்ச்சி மாதிரி ஊற வெச்சிருக்கியா?”

அவன் துணியைப் பிரித்து அந்தப் பழைய டிஸ்க்கை எடுத்து நீட்டினான்.

“இங்க போட்டுப் பாக்க முடியாதா?”

“முடியாது. பூட்டு போட்ட நகல், சாவி ஆபீஸ் சர்வர்லதான் இருக்கு. அங்கதான் எழுப்ப முடியும்.”

“அப்ப போய் எழுப்பு. இல்லன்னா இனிமே என் கையால சோறு கிடையாது.” சொன்னால் செய்கிறவள் அவள்.

பண்டிகையன்று காலையில் முன்னோர்களுக்குப் படைத்து விழுந்து கும்பிட்டதும் கிளம்பிவிட்டான். கிடங்கில் ஈ காக்கை இல்லை. ஒன்பது மணிக்கு டிஸ்க்கைச் சொருகி மீட்பைத் தொடங்கினான். மூன்று மணி நேரம் ஆகும் என்று திரை சொன்னது. அரிசிக் கொழுக்கட்டையைத் தின்றுகொண்டு காத்திருந்தான்.

பன்னிரண்டு மணிக்குக் கேமரா மெஷின் முழுசாக வந்து சேர்ந்தது. வருடத்துக்கு இரண்டு தடவை ஒத்திகைக்காகச் செய்து செய்து பழகிய கை, ஒரு நொடி யோசிக்காமல் ஓடவிட்டது. அங்கேதான் பாழாய்ப்போனது. ஒத்திகையில் எப்போதும் நெட்வொர்க் இணைப்போடுதான் எழுப்புவான், இன்றைக்கும் அப்படியே எழுப்பிவிட்டான். கண் விழித்த மெஷின் முதலில் இன்றைக்கு என்ன தேதி என்று நெட்வொர்க்கைக் கேட்டது. நாற்பத்து மூன்று நாள் ஓடிவிட்டது என்று பதில் வந்தது. இந்த ஊரில் ஒவ்வொரு கேமராவின் கீழும் ஒரு பலகை இருக்குமே, பதிவுகள் முப்பது நாள் மட்டுமே வைக்கப்படும் என்று, அந்த முப்பதை மெஷினுக்குள் தட்டிவைத்ததும் இதே கியூசொக்தான். முப்பது நாளுக்கு மேலான எல்லாவற்றையும் மெஷின் கடகடவென்று அழிக்கத் தொடங்கியது. அவன் பாய்ந்து நிறுத்துவதற்குள் வியாழக்கிழமை காலியாகிவிட்டது.

“ஐயோ மடையா! மடப்பயலே!” நெற்றியைச் சர்வர் அலமாரியில் மடார் மடாரென்று மோதிக்கொண்டான். தன் கையாலேயே இரண்டாம் தடவையும் அழித்திருக்கிறான்.

டிஸ்க்கில் நகல் பத்திரமாகத்தான் இருந்தது, திரும்ப முதலிலிருந்து மீட்கலாம். ஆனால் இன்னும் மூன்று மணி நேரம். அதற்குள் கைப்பேசி அலறியது. முதலாளி! கேமரா மெஷின் நின்றாலோ ஓடினாலோ முதலாளிக்குச் செய்தி போகிற மாதிரி முன்பு அவர் கேட்டு இவன்தான் ஏற்பாடு செய்திருந்தான். மெஷின் எழுந்த கையோடு விசுவாசமாக அதையும் செய்துவிட்டது.

“டேய் பியோ! அந்த எழவு மெஷின் எப்படிடா ஓடுது?”

“தெரியலைங்க முதலாளி…”

“அங்கதான் இருக்க நீ. ஃபேன் சத்தம் கேக்குது. இரு, வர்றேன். உன் ரெண்டு கையையும் உடைச்சு அந்தப் பெட்டிக்குள்ளயே திணிக்கிறேன்.”

முதலாளி அப்பா கல்லறைக்குக் கும்பிடப் போயிருந்தார், மிர்யாங் பக்கம். சாதாரண நாளில் ஒரு மணி நேரப் பாதை. ஆனால் இது சுசொக். நாடே காரை எடுத்துக்கொண்டு ரோட்டில் நிற்கிற நாள். கியூசொக் திரும்பவும் மீட்பைத் தொடங்கினான். பண்டிகை நெரிசலைச் சபிக்காத ஒரே ஆள் அன்றைக்கு அவன்தான். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை முதலாளி கூப்பிட்டுத் திட்டினார், பின்னால் ஹாரன் சத்தம் காது கிழிந்தது. ஒவ்வொரு தடவையும் இவன் எடுத்துக் கேட்டான். எங்கே வந்துவிட்டார் என்று தெரிய வேண்டுமே!

மூன்றே காலுக்கு மெஷின் இரண்டாம் தடவை தயாரானது. இந்தத் தடவை ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிச் செய்தான். நெட்வொர்க்கைப் பிடுங்கினான். இரும்புப் பெட்டியின் கடிகாரத்தையே அந்த வெள்ளிக்கிழமை விடியற்காலைக்குத் திருப்பி வைத்தான். ஓடவிட்டான். மெஷின் எழுந்தது. நேற்று வியாழக்கிழமை என்றே நம்பியது. எல்லாம் இருந்தது.

சர்வரிலிருந்து தன் மடிக்கணினிக்கு நேராக ஒரு கேபிள் இழுத்து, அதில் சொருகிய பென் டிரைவில் படத்தை ஏற்றக் கொடுத்துவிட்டு, அந்த மூன்றே முக்கால் மணியைத் திறந்து பார்த்தான். கன்னத்தில் ஓர் அறை, அடுத்த அறை, கொக்கி. சத்தமில்லாத படம். முன்சு கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொள்கிறார். கொக்கி இறங்குகிறது. திரும்ப இறங்குகிறது. இதெல்லாம் இவனுக்குத் தெரியும். அவன் பயந்தது படத்தின் இடது ஓரத்தைத்தான். மாடிப்படி. காபி மெஷின். அதன் பக்கத்தில் காகிதக் கப்போடு ஒருவன் நிற்கிறான். நாலு நிமிடம் நிற்கிறான். பிறகு, காபி சிந்தாமல் கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மெதுவாகப் படியேறிப் போய்விடுகிறான்.

தினமும் மூன்றே முக்காலுக்கு அந்தக் காபியைக் குடிக்கிற ஆள் கியூசொக் ஒருவன்தான்.

இந்த ஓரத்தை வெட்டிவிடலாமா? வெட்டலாம், அவனுக்குத் தெரிந்த வேலைதான். இரண்டு நிமிடம். கை மவுஸின் மேல் போனது. சீ, என்ன பிறவி நீ என்று தன்னையே காறித் துப்பத் தோன்றியது அவனுக்கு. கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

அறுபத்தோரு சதவீதம் ஏறியிருந்தபோது கதவு உதைபட்டுத் திறந்தது. முதலாளி வந்து நின்றார். வெள்ளைப் பட்டில் ஹன்போக் என்னும் பண்டிகை அங்கி, கையில் கோல்ஃப் மட்டை, மூச்சில் படையல் சாராயம். திரையில் தன்னைத் தானே பார்த்தார். இடது ஓரத்தையும் பார்த்தார். சிரித்துவிட்டார்.

“அட, நம்ம மேனேஜர்! காபி நல்லாயிருந்துச்சா? இதைப் போலீசுக்குக் குடுக்கப் போறியா நீ? பொய்ச் சாட்சின்னு முதல்ல உன்னத்தான் உள்ள தள்ளுவான். அழிடா.”

“மாட்டேங்க முதலாளி.”

கியூசொக்கின் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்தது இதுவே முதல் தடவை. கேட்ட இரண்டு பேருமே ஒரு நொடி திகைத்தார்கள்.

மட்டை முதலில் திரையைப் பிளந்தது. ஆனால் நகலெடுப்பு ஓடிக்கொண்டிருந்தது ஒரு நாற்காலி மேல் இருந்த மடிக்கணினியில். முதலாளிக்கு எந்தப் பெட்டி எது என்று என்ன தெரியும்? விளக்கு எரிகிறதெல்லாம் எதிரிதான். சர்வர் அலமாரியை நோக்கி ஓங்கினார். கியூசொக் குறுக்கே போய் நின்றான். முன்கையில் விழுந்தது, எலும்பு முறிகிற சத்தம் இரைச்சலுக்கு மேல் கேட்டது. “தள்ளுடா!” தோளில் விழுந்தது. விலாவில் விழுந்தது. அவன் அலமாரியில் முதுகைச் சாய்த்து, காலை அகட்டி ஊன்றிக்கொண்டான். அடி வாங்குவது அவனுக்குத் தெரிந்த தொழில். நாற்பது வருட அனுபவம். முதலாளியின் தோளுக்கு மேலாக மடிக்கணினியின் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுபத்தெட்டு. தொடையில் ஒன்று. எண்பத்தைந்து. காதோரம் ஒன்று, சூடாக ரத்தம் கழுத்தில் இறங்கியது. தொண்ணூற்று மூன்று. முதலாளிக்கு மூச்சு வாங்கியது, ஹன்போக்கின் நாடா அவிழ்ந்து தொங்கியது. அறுபத்து நாலு வயது ஆள், எவ்வளவு நேரம்தான் அடிப்பார்?

நூறு.

கியூசொக் நொண்டிக்கொண்டே போய்ப் பென் டிரைவைப் பிடுங்கி வாய்க்குள் போட்டுக்கொண்டான். முதலாளி மட்டையைப் போட்டுவிட்டு, பின்னாலிருந்து அவன் தலைமுடியையும் உடையாத கையையும் பிடித்துத் திருப்பினார். முகத்துக்கு முகம். சாராய நாற்றம். அப்போது அவனுக்கு என்ன தோன்றியது என்று அவனுக்கே தெரியாது. ஒரு கை உடைந்திருந்தது, இன்னொரு கை முதலாளியின் பிடியில் இருந்தது. மிச்சமிருந்தது நெற்றி. சார்ஜண்ட் கான்கிரீட்டில் காய்ச்சிக் கொடுத்த நெற்றி. அதைக் கொண்டு முதலாளியின் மூக்கில் ஒரே முட்டு முட்டினான். தேங்காய் உடைகிற மாதிரி ஒரு சத்தம். வெள்ளைப் பட்டெல்லாம் சிவப்பானது. முதலாளி தரையில் உட்கார்ந்து, அடிபட்ட பன்றி போலக் கத்தினார்.

அவன் படியிறங்கும்போது மேலே மட்டைச் சத்தம் திரும்பத் தொடங்கியது. ஒவ்வொன்றாக விசிறிகள் நின்றன. இருபத்தாறும் செத்தன. “வாடா! வந்து எழுப்புடா எல்லாத்தையும்!” என்று முதலாளி அலறியது வாசல் வரை கேட்டது. எழுப்பத் தேவையான டிஸ்க்குகள் கிம்ச்சிப் பெட்டியில் இருந்தன. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தன் கையைக் காட்டுவதற்கு முன் ஐந்தாவது மாடிக்குப் போனான். முன்சு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், மிரான் கொழுக்கட்டையைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே வந்தவனைப் பார்த்ததும் அவள் எழுந்தாள். கியூசொக் பென் டிரைவை வாயிலிருந்து எடுத்து, சட்டையில் துடைத்து, உடையாத கையால் நீட்டினான். இரண்டு கையாலும் கொடுப்பதுதான் மரியாதை என்று உடைந்த கையையும் அதன் அடியில் கொடுத்துத் தாங்கப் பார்த்தான், முடியவில்லை.

“எல்லாம் இருக்கு அண்ணி. போலீஸ்ல குடுங்க, நானும் வந்து சாட்சி சொல்றேன். ஆனா கடைசி வரைக்கும் பாருங்க. இடது ஓரத்துல… படிக்கட்டுகிட்ட… நான் நிக்கிறேன். நின்னு பாத்துட்டு மேல போயிட்டேன்.”

மிரானின் கை ஓங்கியது. அவன் முகத்தை விலக்காமல் நின்றான். கை அந்தரத்திலேயே நின்றது, ஏனென்றால் கட்டிலிலிருந்து முன்சு பேசினார்.

“விடு. எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“அப்ப எனக்கு ரெண்டு கண்ணும் இருந்துச்சுல்ல. காபி கப்போட நின்னான். பாத்தேன்.”

கியூசொக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். “பின்ன ஏண்ணே… யாருமே இல்லன்னு சொன்னீங்க?”

“உன் பேரைச் சொன்னா உன்னையும் அடிப்பான். நீதான் திருப்பி அடிக்கத் தெரியாத பயலாச்சே.” முன்சு மிச்சமிருந்த கண்ணைச் சுருக்கி அவனை உற்றுப் பார்த்தார். “நெத்தியில என்னடா அவ்வளவு ரத்தம்?”

கியூசொக் கையால் தொட்டுப் பார்த்தான்.

“இது என்னோடது இல்லண்ணே.”